மாமாவின்ர பூர்வீகம் தேடுறன் – சுவிஸ் பழைய பதிவுகள் பாக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களோ?

வன்னிக்கிளி:
எல்லாருக்கும் வணக்கம். இது எங்கட ஆக்களின்ர பூர்வீகம் இல்லை, என்ர மனுசன்ர பக்கம். அவர் சுவிஸ்காரர். மாமா துர்காவ் மாநிலத்தில மாடு, அப்பிள் தோட்டம் எண்டு பண்ணை வைச்சிருந்தவர், இப்ப கடைசி மகன், அதுதான் என்ர மச்சான், அதைப் பாக்கிறார். மாமாவுக்கு வாற மார்கழியில 80. குடும்ப மரம் ஒண்டு வரைஞ்சு பிரேம் போட்டுக் குடுப்பம் எண்டு நான்தான் சாப்பாட்டு மேசையில வாயைக் குடுத்தனான், இப்ப மாட்டுப்பட்டுப் போய் நிக்கிறன்.

மாமா பிறந்தது, அவற்ற தகப்பன் செத்தது எல்லாம் துர்காவில தானே எண்டு அங்க ஒரு கந்தோருக்கு எழுதினன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வரியில பதில், குடும்பப் பதிவு எங்களிட்ட இல்லை, ஹைமாட்ஓர்ட்டில கேளுங்கோ எண்டு. பாஸ்போட்டை எடுத்துப் பாத்தா லாங்னாவ் எண்டு போட்டிருக்கு. அது பெர்ன் மாநிலம், எம்மென்டால் பள்ளத்தாக்கு. அங்க ஆரும் இருந்ததா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. மாமாவே வாழ்க்கையில ரெண்டு தரம்தான் போனவராம், ரெண்டு தரமும் ஐஸ் ஹொக்கி பாக்க.

பழையபேப்பர்:
அக்கா வணக்கம், நான் சூரிச்ல ஐடி, பொழுதுபோக்குக்கு இந்த மாதிரி பழைய ரெக்கார்டு பாக்குற பைத்தியம் 😄 சுவிஸ் பாஸ்போர்ட்ல பொறந்த ஊரே இருக்காது, ஹைமாட்ஓர்ட்தான் இருக்கும். மெட்ராஸ்லயே பொறந்து வளர்ந்தவன்கிட்ட சொந்த ஊர் எதுன்னு கேட்டா திருநெல்வேலி பக்கம்னு சொல்வான்ல, போயி இருபது வருஷம் ஆயிருக்கும், அதையே கவர்மெண்டு பாஸ்போர்ட்ல அடிச்சுக் குடுத்தா எப்படி, அதான் இது. அப்பாகிட்டேர்ந்து புள்ளைக்கு, அவன்கிட்டேர்ந்து அவன் புள்ளைக்குன்னு வந்துட்டே இருக்கும்.

ஏன் இவ்ளோ கவனமா எழுதி வெச்சான்னா பாசத்துல இல்ல. ஒருத்தன் நொடிச்சுப் போயிட்டா அவனுக்கு சோறு போட வேண்டிய பொறுப்பு அந்தக் காலத்துல அவனோட ஹைமாட்ஓர்ட்டுக்கு. யாரு நம்ம ஆளு, யாரு இல்லன்னு தெரியலன்னா கிராமத்துக் கஜானா காலி. அதனால பெர்ன் பக்கம் 1820கள்லயே குடும்பத்துக்கு ஒரு பக்கம்னு புர்கர்ரோடல், அதாவது ஊர்க்காரங்க பதிவேடு, எழுத ஆரம்பிச்சுட்டாங்க, ஆளு வெளியூர்ல இருந்தாலும் தகவல் சொந்த ஊருக்கு வந்து ஏறிடும். 1876 ஜனவரி 1ல இருந்து பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாம் அரசாங்கக் கணக்கு. அதுக்கு முன்னாடி பூராவும் சர்ச் புக். 1929ல நாடு முழுக்க ஒரே மாதிரி குடும்பப் பதிவேடு, அதுவும் ஹைமாட்ஓர்ட்லதான். நீங்க கேட்க வேண்டியது லாங்னாவுக்குப் பொறுப்பான சிவில்ஸ்டாண்ட்ஸாம்ட்ல (பிறப்பு இறப்பு கல்யாணம் பதியுற ஆபீஸ்), ஃபமிலியன்ஷைன் (குடும்பச் சான்றிதழ்) வேணும்னு. மாமா கையெழுத்து போட்ட லெட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, இல்லன்னா மருமகளுக்கெல்லாம் தர மாட்டாங்க.

சும்மாவந்தவன்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு, நேரா கல்லறைக்குப் போயி கல்லுல இருக்குற பேரை போட்டோ எடுத்தா முடிஞ்சுதே??

ஆரெக்கரை:
தம்பி, அது இஞ்ச சரிவராது. 20, 25 வருசத்தில கல்லைக் கிளப்பிப்போட்டு அடுத்த ஆளுக்கு இடம் குடுத்திடுவாங்கள். நான் பெர்னுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல, முந்தி நான் பூ வைச்ச இடத்தில இப்ப வேற பேர். ஆனா பழைய மரண அறிவித்தல் கிடைச்சா விடாதேங்கோ பிள்ளை. குடும்பப் பேருக்குப் பின்னால ஒரு சின்னக் கோடு போட்டு இன்னொரு பேர் இருக்கும், அது மனுசியின்ர தகப்பன் வீட்டுப் பேர். அந்தப் பேர் ஒண்டு கையில இருந்தா அடுத்த கதவு திறக்கும்.

வன்னிக்கிளி:
ஆரெக்கரை அண்ணை, பழையபேப்பர் தம்பி, நன்றி. கடிதம் போட்டாச்சு. பதில் வாறதுக்குள்ள எனக்குப் பொறுமை இல்லாம இணையத்தில தேடிப் பாத்தன், ஆரோ ஒருத்தர் இதே பேர், இதே லாங்னாவ் குடும்பத்தை 1701 வரைக்கும் போட்டு வைச்சிருக்கிறார்!! மாமாவின்ர தகப்பன்ர பேரும் பிறந்த வருசம் 1905ம் அப்பிடியே சரி. அப்பிடியே கொப்பி பண்ணிப்போட்டன். ஆகப் பழைய ஆள் ஒரு ஹன்ஸ், ஞானஸ்நானம் 5 தை 1701. வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிறன் 🙂

பழையபேப்பர்:
முடியல அக்கா, இப்பதான் ஆரம்பம். பெர்ன்ல 1701 ஜனவரி 5ன்னு ஒரு நாளே கிடையாது. கத்தோலிக்க மாநிலங்கள் பெருசா 1584லயே புதுக் காலண்டருக்குப் போயிட்டாங்க, சீர்திருத்த சபைக்காரங்க போப் சொன்ன காலண்டர் எங்களுக்கு எதுக்குன்னு நூறு வருஷத்துக்கு மேல முறைச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில சூரிச், பெர்ன், பாசல் எல்லாம் மாறினப்போ 1700 டிசம்பர் 31 ராத்திரி படுத்தவன் காலைல எழுந்தது ஜனவரி 12. நடுவுல பதினோரு நாள் காணோம். அப்போ அந்த மரம் போட்ட ஆளு புக்கைப் பாக்கவே இல்ல, எங்கயோ யாரோ எழுதினதை அடிச்சிருக்கார். ஒரு எடத்துல இப்படின்னா மத்த எடத்துல எப்படியோ. ஆளு இருந்திருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா ஒவ்வொரு பேரையும் மூலத்துல நீங்களே பாருங்க. பெர்ன் மாநில ஸ்டாட்ஸ்ஆர்க்கீவ் (அரசு ஆவணக் காப்பகம்) 1875 வரைக்கும் உள்ள சர்ச் புக் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சும்மாவே நெட்ல போட்டிருக்கு. பேர் அடிச்சுத் தேட முடியாது, பக்கம் பக்கமா புரட்டணும், அவ்ளோதான்.

வன்னிக்கிளி:
புரட்டினன். ஒரு எழுத்தும் விளங்கேல்ல!! இது ஜேர்மன்தானோ? மழைக்குப் பிறகு கோழி மண்ணைக் கிளறின மாதிரிக் கிடக்கு. நான் இஞ்ச ஜேர்மன் மொழிச் சோதனை சி1 பாஸ் பண்ணின ஆள், என்ர மனுசன் இஞ்ச பிறந்து வளந்த ஆள், ரெண்டு பேரும் மூக்கை ஸ்கிரீனில முட்டிக்கொண்டு இருந்து ஒரு மணித்தியாலத்தில கண்டுபிடிச்ச ஒரே சொல்லு "அன்னா".

மல்லிகா_வின்டர்தூர்:
அது குரென்ட் எண்ட பழைய ஜேர்மன் கையெழுத்து, இப்பத்த ஜேர்மன்காரருக்கும் வாசிக்க வராது, வெக்கப்பட ஒண்டுமில்லை. நான் மொழிபெயர்ப்பு வேலைக்காகப் படிச்சனான். ஒரு வழி சொல்லுறன், வாசிக்க முதல் எழுதிப் பழகுங்கோ. குரென்ட் அரிச்சுவடி ஒண்டை இறக்கி வைச்சு உங்கட பேர், மனுசன்ர பேர், மாமான்ர குடும்பப் பேர் மூண்டையும் ஒரு கிழமை தினம் பத்துத்தரம் எழுதுங்கோ, கை பழகினா கண் தானாப் பிடிக்கும். ஈ (e) எழுத்து, அதான் ஜேர்மனில ஆகக்கூட வாறது, அது 'என்' (n) மாதிரி ரெண்டு கோடா நிக்கும். யூ-வுக்கு மேல சின்ன வளைவு ஒண்டு போடுவினம், என்-ஓட குழப்பாமல் இருக்க. எஸ் நீட்டா எஃப் மாதிரி நிக்கும், சொல்லு முடியிற இடத்தில மட்டும் வேற வடிவம்.

இன்னொண்டு. மாசம் 7ப்ரிஸ் எண்டு எழுதியிருந்தா அது ஏழாம் மாசம் ஆடி (ஜூலை) இல்லை!! லத்தீன்ல செப்டெம் எண்டா ஏழு, அதால அது செப்டெம்பர். 8ப்ரிஸ் ஒக்டோபர், 9ப்ரிஸ் நவம்பர், எக்ஸ் போட்டிருந்தா டிசம்பர். நான் இதில எத்தினையோ பேர் விழுந்ததைப் பாத்திட்டன்.

வன்னிக்கிளி:
ஐயோ மல்லிகா அக்கா நானும் விழுந்திட்டன் 🙈 கலியாணம் 1767 கார்த்திகையில, மூத்த பிள்ளை 1768 7ப்ரிஸ், நான் ஆடி எண்டு எண்ணி எட்டு மாசம் எண்டு கணக்குப் போட்டு மனுசனிட்ட "உங்கட ஆக்களும் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை" எண்டு பகிடி எல்லாம் விட்டிட்டன். பாவம் அந்த மனிசி.

ஒரு மாசமா ஒவ்வொரு இரவும் பிள்ளையள் படுத்தாப்பிறகு இதுதான் வேலை. இப்ப ஓரளவு வாசிக்கிறன். ஒரு பதிவில தகப்பன், தாய், தாய்க்குத் தகப்பன் வீட்டுப் பேரோட, பிறகு பிள்ளையின்ர பேர், பிறகு சாட்சி மூண்டு பேர். சில பேருக்குப் பக்கத்தில பாதிரியார் பிறகு வந்து சின்னச் சிலுவை ஒண்டு கீறியிருக்கிறார். முதல் அது என்னெண்டு விளங்கேல்ல. ஒரே தாய் தகப்பனுக்கு 1771ல ஒரு உல்ரிஹ், சிலுவை. 1773ல இன்னொரு உல்ரிஹ், சிலுவை. 1776ல மூண்டாவது உல்ரிஹ், அதுக்குச் சிலுவை இல்லை. அந்த மூண்டாவது ஆள்தான் எங்கட மரத்தில வாற ஆள். ரெண்டு தரம் அந்தப் பேரை எழுதி ரெண்டு தரமும் சிலுவை கீறின அதே மை, அதே கை. அண்டைக்கு லப்டொப்பை மூடிப்போட்டு என்ர சின்னவனைப் போய்ப் பாத்திட்டு வந்தன்.

இப்ப சந்தேகம்: ஒரு இடத்தில பிள்ளையின்ர பேர் "கிறிஸ்ட்" வரைக்கும்தான் தெரியுது, மிச்சம் மை ஊறிப்போச்சு. கிறிஸ்டெனோ கிறிஸ்டினாவோ?

மல்லிகா_வின்டர்தூர்:
சாட்சியை எண்ணுங்கோ. பெர்ன் பக்கத்து வழக்கம், ஆம்பிளைப் பிள்ளைக்கு ரெண்டு ஞானத் தகப்பன் ஒரு ஞானத்தாய், பொம்பிளைப் பிள்ளைக்கு ரெண்டு ஞானத்தாய் ஒரு ஞானத் தகப்பன்.

வன்னிக்கிளி:
ரெண்டு ஆம்பிளை, ஒரு பொம்பிளை. கிறிஸ்டென்!! 😍

சும்மாவந்தவன்:
இது துப்பறியும் கதை மாதிரி போகுதே, நான் சும்மா வந்தவன் இப்ப தினமும் வந்து பாக்குறேன். ஒரு டவுட்டு, எம்மென்டால்ல நல்ல பண்ணை இருந்தா அப்புறம் ஏன் துர்காவ் வரைக்கும் போனாங்க? நிலத்தைப் பங்கு போட்டு சின்னதாயிடுச்சா?

ஆரெக்கரை:
பங்கு போடாததாலதான் போனவை. எங்கட ஊரில காணியைப் பிரிச்சுப் பிரிச்சு கடைசியில ஒரு பரப்புக்கு நாலு பேர் வழக்கு. எம்மென்டாலில பண்ணை உடையக்கூடாது, முழுசா ஒரு ஆளுக்குத்தான், அதுவும் மூத்தவனுக்கு இல்லை, கடைக்குட்டிக்கு. தகப்பன் கை ஓயிற நேரம் அவன்தானே வீட்டில நிப்பான். தாய் தகப்பன் முற்றத்துக்கு அங்கால ஸ்டொக்லி எண்டு ஒரு சின்ன வீட்டுக்கு மாறிப்போவினம். மூத்ததுகள் கூலிக்குப் போகவேணும், இல்லாட்டி வேற இடம் தேடவேணும். பெர்ன்காரர் கனபேர் அப்பிடித் துர்காவில போய்ப் பண்ணை எடுத்தவை. பிள்ளை, உன்ர மச்சானும் கடைசி மகன் எண்டு சொன்னாய், பாத்தியே.

அந்தப் பக்கத்துக் காணிக் கணக்குப் புத்தகங்கள், ஆர் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு தானியம் கட்டவேணும் எண்டது, அதுவும் ஆர்க்கீவில கிடக்கு. எங்கட ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு மாதிரி எண்டு நினைச்சுக்கொள்.

வன்னிக்கிளி:
அண்ணை அதுக்கும் போவன். ஆனா 1670, 1680கள்ல ஒரு ஓட்டை. கலியாணப் பதிவு இருக்கு, பிறகு பதினைஞ்சு வருசத்துக்குப் பிள்ளையள் ஒண்டும் டௌஃப்ரோடலில (ஞானஸ்நானப் பதிவேட்டில) இல்லை, திடீரெண்டு வளந்த மகன் ஒருத்தன் கலியாணம் கட்டுறான். பக்கம் கிழிஞ்சு போகேல்ல, மற்ற ஆக்களின்ர பிள்ளையள் எல்லாம் இருக்கு.

மல்லிகா_வின்டர்தூர்:
லாங்னாவ், அந்தக் காலம், பிள்ளையள் மட்டும் இல்லை... டொய்ஃபராக இருக்கலாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறது பிழை, வளந்தபிறகு தானா விரும்பி எடுக்கவேணும் எண்டு சொன்ன ஆக்கள். பெர்ன் அரசாங்கம் அவையைப் பிடிச்சு அடைச்சது, காணியைப் பறிச்சது, 1571ல ஹன்ஸ் ஹஸ்லிபாக்கர் எண்ட எம்மென்டால் விவசாயியின்ர தலையை வெட்டினது. 1671ல மட்டும் எழுநூறு பேரளவில ஜேர்மனியின்ர ஃபால்ட்ஸ் பக்கம் ஓடினவை. ஜூரா மலைக்கும் பென்சில்வேனியாவுக்கும் போன ஆக்களும் கனபேர். பிள்ளையளைப் பக்கத்து ஊரில கொண்டுபோய் ஞானஸ்நானம் குடுத்திருக்கவும் கூடும், அதால அடிச்சுச் சொல்லாதேங்கோ. கோர்கெரிக்ட் எண்டு ஊருக்கு ஊர் ஒழுக்க நீதிமன்றம் இருந்தது, பாதிரியாரும் ஊர்ப் பெரியாக்களும் இருந்து விசாரிப்பினம், கோயிலுக்கு வராதவன், குடிச்சவன், ஆடினவன், கலியாணத்துக்கு முதல் வயிறு வந்தவள் எல்லாரையும். அந்தக் குறிப்புப் புத்தகத்தில "ஏன் பிள்ளையைக் கொண்டு வரேல்ல" எண்டு கேட்டிருந்தா பிடிச்சிடலாம்.

ஆரெக்கரை:
ட்ராக்செல்வால்ட் கோட்டைக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ. அவையை அடைச்சு வைச்ச மரக்கூடு மாதிரி அறையள் கோபுரத்துக்குள்ள இருக்கு. நான் வேலை இடத்து ஆக்களோட போனனான், உள்ளுக்குப் போனவுடன ஒருத்தரும் கதைக்கேல்ல.

வன்னிக்கிளி:
ஃபமிலியன்ஷைன் வந்திட்டுது. எனக்கு எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்ல.

மாமாவின்ர தகப்பன், 1905ல பிறந்தவர். தாயின்ர பேர் இருக்கு. தகப்பன் எண்ட இடம் வெறும். கலியாணம் இல்லை. குடும்பப் பேரும் ஹைமாட்ஓர்ட்டும் தாயிட்ட இருந்து வந்தது. அந்த இணைய மரத்தில தகப்பன் எண்டு போட்டிருந்த ஆள் ஆரெண்டு பாத்தா தாயின்ர தமையன்!! அவை அந்த வெறும் இடத்தை நிரப்பத் தமையனைத் தூக்கி வைச்சிருக்கினம். தாய் 1913ல செத்திட்டா. பொடியனுக்கு எட்டு வயசு.

தமையனும் தங்கச்சியும் எண்டபடியால் மேல ஒண்டும் மாறாது. அதே தாத்தா, அதே உல்ரிஹ், நான் நித்திரை முழிச்சுத் தேடின ஒருத்தரும் வீண் போகேல்ல. ஒரு பெட்டிதான் மாறுது. மாத்தாமல் விட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. பிறந்தநாளுக்கு அறுபது பேர் வரினம், சுவரில பெருசாத் தொங்கப்போகுது. என்ன செய்ய?

பழையபேப்பர்:
அக்கா மாத்திதான் ஆகணும். நூறு வருஷம் கழிச்சு இன்னொரு ஆளு உங்க மரத்தைப் பாத்து காப்பி அடிப்பான். அந்த 1701 ஜனவரி 5 எப்படி வந்துச்சுன்னு மறந்துட்டீங்களா.

மல்லிகா_வின்டர்தூர்:
மரத்தில பிழை போடக்கூடாது சரி, ஆனா சபையில வைக்கிறது வேற கதை தம்பி. அது மாமான்ர தகப்பன். முதல் அவரிட்டத் தனியக் கேக்காமல் ஒரு கோடும் கீறவேண்டாம்.

ஆரெக்கரை:
பிள்ளை, எட்டு வயசில தாய் இல்லை, தகப்பன் பேரில்லை எண்டால் எனக்கு ஒண்டு படுகுது. நான் முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். இரவு ஷிஃப்டில சில கிழவர் கதைப்பினம், பகலில வாய் திறக்காயினம். ஃபெர்டிங்கிண்டர் எண்டு கேள்விப்பட்டனியே? அநாதை, ஏழை, கலியாணம் கட்டாத பொம்பிளையின்ர பிள்ளை, இதுகளைக் கிராமச் சபை பண்ணைக்காரரிட்ட ஒப்படைக்கும். முந்தி ஏலமே விட்டவை, தலைகீழ் ஏலம், ஆர் ஆகக் குறைஞ்ச காசு கேக்கிறானோ அவனுக்குப் பிள்ளை. மாட்டோட எழும்பி மாட்டோட படுக்கவேணும். 1960கள் தாண்டியும் இது நடந்தது. ஹைமாட்ஓர்ட்தான் பொறுப்பு எண்டபடியால் கடிதங்கள் அந்தக் கிராமத்து ஆர்க்கீவில இருக்கக்கூடும். ஆனா முதல் மாமா. மல்லிகா சொன்னதுதான் சரி.

சும்மாவந்தவன்:
இதுக்கு அரசாங்கம் பணம் குடுத்தாங்கன்னு படிச்ச ஞாபகம், அப்ளை பண்ணலாமா?

பழையபேப்பர்:
2013ல ஃபெடரல் கவுன்சிலர் சிமொனெட்டா சொம்மாருகா அரசாங்கம் சார்பா பகிரங்கமா மன்னிப்பு கேட்டாங்க, 2017ல இருந்து சட்டம், ஆளுக்கு 25,000 பிராங்க். ஆனா பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும்தான், அவங்க புள்ளைங்க அவங்க பேர்ல கேட்க முடியாது.

வன்னிக்கிளி:
காசுக் கதை வேண்டாம் தம்பி 🙂

ஞாயிற்றுக்கிழமை போனன். மனுசன் தகப்பனோட கதைக்க வெளிக்கிட்டு வெளிக்கிட்டு மாட்டைப் பற்றித்தான் கதைச்சார், கடைசியில நான்தான் ஃபமிலியன்ஷைனை எடுத்து மாமாக்கு முன்னால வைச்சன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிச்சார், ஒவ்வொரு வரிக்கும் விரல் வைச்சு. பிறகு "தெரியும்" எண்டார். தகப்பன் ஒருநாளும் சொன்னதில்லையாம், ஆனா தன்ர சொந்தப் பண்ணையில, தான் வாங்கின வீட்டில, சாகும் வரைக்கும் மேசையின்ர கதவுப் பக்கத்து மூலையில, முதுகில்லாத ஸ்டூலில இருந்துதான் சாப்பிட்டவராம். தாய் தலைமாட்டுக் கதிரையைக் காட்டிக் காட்டிக் களைச்சுப் போனவவாம். "அது பழக்கம்" எண்டு மட்டும் சொல்லுவாராம். அந்த ஸ்டூல் இப்பவும் மாட்டுக் கொட்டிலில நிக்குது, நான் அதில இருந்து சப்பாத்து மாத்தினனான் எத்தினை தரம்.

மரத்தை விரிச்சுக் காட்டினன். அந்தப் பெட்டியில என்ன போட எண்டு கேட்டன். "ஒண்டும் போடாத, தாயின்ர பேரிலயிருந்து கோட்டைக் கீறு" எண்டார். அவ்வளவுதான் அந்தக் கதை. பிறகு அரை மணித்தியாலம் என்னோட சண்டை, எம்மென்டால் பண்ணையின்ர பேரை நான் புத்தக ஜேர்மனில எழுதிப்போட்டனாம், பெர்ன்காரர் அப்பிடிச் சொல்லாயினமாம், பென்சிலை வாங்கி வெட்டிப்போட்டு தானே எழுதினார். இவருக்கு அந்தப் பேர் எப்பிடித் தெரியும் எண்டு வீட்டுக்கு வந்தாப்பிறகுதான் யோசிச்சன். லாங்னாவுக்கு ஹொக்கி பாக்கத்தான் போனவர் எண்டு சொன்னவர்.

ஆரெக்கரை:
ரெண்டு தரம் போனவர் எண்டு சொன்னனி.

வன்னிக்கிளி:
ஓம் அண்ணை. இந்த முறை நாங்கள் கூட்டிக்கொண்டு போறம், ஏப்ரலில, பனி விட்டாப்பிறகு.

பிரேம் போடக் குடுத்தாச்சு. இப்ப மச்சாள் பிடிச்சுக்கொண்டா, தன்ர பக்கமும் பாத்துத் தரட்டாம். அவ க்ராவ்புண்டன் மாநிலம், ரோமான்ஷ் மொழியாம், ஆராவது தெரிஞ்ச ஆக்கள்?

பழையபேப்பர்:
அக்கா, அங்க சில ஊர்ல 1811 வரைக்கும் பழைய காலண்டர்தான். புது இழை ஆரம்பிங்க, இங்க வேணாம்.